மட்டாஞ்சேரி நகரவையின் அன்றாட அலுவல்கள்: ஆட்சிச்சொல் வரலாற்று நோக்கு

சிறு நகரங்களின் உள்ளாட்சி ஆவணங்களை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஆண்டுகளுக்காகவும் பெயர்களுக்காகவுமே புரட்டுகின்றனர். விளக்கேற்றும் குத்தகை, சாக்கடைப் பழுது, சந்தை ஏலம், வீட்டுவரிப் பாக்கி ஆகியவை பற்றிய குறிப்புகள் பயனற்றவையென ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. மொழியியலாருக்கோ இவ்வொதுக்கப்பட்ட பகுதியே விளைநிலமாகும். ஆள்வோர் சட்டத்தில் எழுதிய சொல்லும், அவ்வாட்சிக்கு உட்பட்டோர் தெருவில் வழங்கிய சொல்லும் நேருக்கு நேர் சந்தித்த இடம் நகரவையின் நடவடிக்கைப் புத்தகமே. கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரி இவ்வகையில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் இரண்டு அரசுகள், இரண்டு நகரவைகள், இரண்டு ஆண்டுக் கணக்குகள் இங்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவின. மலையாளம், கொங்கணி, தமிழ், குசராத்தி, கச்சி, தக்கனி உருது முதலிய மொழிகளைப் பேசுவோர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். இந்நகரின் அன்றாட ஆட்சி அலுவல்களின் வரலாற்றையும், அவற்றைச் சுமந்த சொற்களின் போக்கையும், தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு அவை எழுப்பும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

செப்பேட்டில் காணும் வரிச்சொற்கள்

மட்டாஞ்சேரி யூதர்தெருவில் உள்ள பரதேசி யூதப் பள்ளி 1568ஆம் ஆண்டு கட்டப்பட்டது. யூதச் சமூகத்தார் அங்குப் போற்றிக் காத்துவந்த செப்பேடு அதனினும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்டது. சேர மன்னன் பாசுகர இரவிவர்மன், கி.பி. 1000ஆம் ஆண்டளவில், முயிரிக்கோட்டில் இருந்தருளிய காலத்து, யோசேப்பு இரப்பான் என்னும் வணிகர் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கியதை வட்டெழுத்தில் பொறித்த ஏடு அது. சமயப் பொறையைப் பாராட்டும் சான்றாகவே இது பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின் ஏட்டின் உள்ளீடு பெரும்பகுதி வரி பற்றியதாகும். உல்கும் துலாக்கூலியும் அவருக்கு நீக்கப்பட்டன. ஏனைய நகரக் குடிகள் கோயிலுக்கு இறுப்பதை அவர் இறுக்க வேண்டுவதில்லை என்றும் கூறப்பட்டது.

உல்கு என்பது சுங்கப் பொருள். திருக்குறளின் பொருள்செயல்வகையிலும் இச்சொல் இப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. துலாக்கூலி, நிறைகோலில் சரக்கை நிறுப்பதற்குச் செலுத்தும் கட்டணம். பிற்கால நகரவைகள் சந்தைகளில் தண்டிய எடைக் கட்டணத்தை இதற்கு ஒப்பிடலாம். கோயில் என்பது இங்கு அரண்மனையையே குறிக்கின்றது. இன்றைய வழக்கை மனத்திற்கொண்டு ஒருவர் மொழிபெயர்ப்பாராயின், யூத வணிகர் ஒருவர் திருக்கோயிலுக்குச் செலுத்த வேண்டிய காணிக்கையினின்று விலக்குப் பெற்றார் என்னும் பிழையான வரலாறு உருவாகிவிடும். ஒரு சொல்லின் பொருள் வரலாற்றை அறியாமை ஒரு சமூகத்தின் வரலாற்றையே திரித்துவிடக்கூடும் என்பதற்கு இவ்வேடு தக்க எடுத்துக்காட்டு. இவ்வேட்டின் மொழி தமிழா, பழைய மலையாளமா என்னும் வழக்கு இக்கட்டுரைக்குப் புறம்பானது. அதன் வரிச்சொற்கள் இருமொழிக்கும் உரியன என்பதே இங்கு வேண்டப்படுவது.

போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும்

1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து கொச்சி அழிமுகம் ஆழமுற்றது என்பர். 1500இல் கப்ரால் கொச்சிக்கு வந்தார். 1503இல் கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் அமைந்த நகரைப் போர்ச்சுக்கீசியர் கீழைக் கொச்சி என்றும், அரசரின் இருப்பிடமான மட்டாஞ்சேரிப் பகுதியை மேலைக் கொச்சி என்றும் பிரித்து வழங்கினர். பின்னாளில் இரண்டு நகரவைகளாகப் பிரிந்து நின்ற எல்லை அன்றே வரையப்பட்டுவிட்டது எனலாம். கீழைக் கொச்சியில் போர்ச்சுக்கீசிய நகரங்களுக்கே உரிய நகரமன்றம் இயங்கியது. அதற்குக் 'காமரா' என்று பெயர். அறை என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். தமிழில் 'கமரா' என்று அறையைக் குறிக்க வழங்கும் சொல்லும் அதுவே. மன்றத்தைக் குறித்த பொருள் தமிழுக்கு வரவில்லை. அறை மட்டுமே வந்தது. இக்கொச்சியிலேயே 1579ஆம் ஆண்டு அண்டிரிக் அடிகளாரின் 'கிரிசித்தியானி வணக்கம்' தமிழில் அச்சேறியது என்பதும் நினைக்கத்தக்கது.

1663இல் டச்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். மறு ஆண்டே அவர்கள் நிறுவிய நகராட்சியே இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் நகராட்சி என்று வழிகாட்டி நூல்களில் எழுதப்படுகின்றது. இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. கோவாவிலும் கொச்சியிலும் போர்ச்சுக்கீசிய நகரமன்றங்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செயற்பட்டன. சென்னை மாநகராட்சி 1687ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி 1688இல் தொடங்கியது. இன்றுவரை தொடரும் நகராட்சிகளுள் அதுவே பழமையானது என்பதில் ஐயமில்லை. 'முதல்' என்னும் பட்டத்துக்காக நிகழும் இத்தகைய போட்டிகளால் உள்ளாட்சி வரலாறு பெற்ற பயன் சிறிதே.

இவ்விரு ஐரோப்பியரும் விட்டுச்சென்ற சொற்கள் இருவகையின. போர்ச்சுக்கீசியச் சொற்கள் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்தன. மேசை, அலமாரி, சாவி, சன்னல் என்பன அவை. ஆட்சி அலுவலில் நிலைபெற்ற போர்ச்சுக்கீசியச் சொல் 'ஏலம்' என்பதாகும். மூலத்தில் லகர முதலாக உள்ள இச்சொல்லை மலையாளம் 'லேலம்' என அப்படியே ஏற்றது. இந்தோனேசிய மொழியின் 'லெலாங்' என்பதும் இதுவே. தமிழோ மொழிமுதல் லகரத்தை நீக்கி 'ஏலம்' என்றாக்கிக்கொண்டது. அதனால் நறுமணப் பொருளாகிய ஏலத்தோடு இது ஒலியொத்த சொல்லாயிற்று. மலையாளத்தில் இவ்விரண்டும் வேறு வேறு. மட்டாஞ்சேரி போன்றதொரு நறுமணச் சரக்கு நகரின் ஆவணத்தைத் தமிழாக்குவோர் 'ஏலம் ஏலம் விடப்பட்டது' என்று எழுத நேர்ந்தால் அது நகைப்புக்கன்று, வேறு வழியின்மையால்.

டச்சுச் சொற்களோ எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவற்றுள் நகரவைக்கு நேரடித் தொடர்புடையது 'கக்கூசு'. மலம் கழிக்கும் மனை என்னும் பொருளுடைய டச்சுச் சொல்லின் திரிபாகிய இது மலையாளத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் வழங்குகின்றது. இந்தோனேசியத்திலும் 'காக்குசு' என்றே உண்டு. டச்சு வணிகக் குழுவின் கொடி பறந்த துறைமுகங்களை இச்சொல் பரவிய வழியைக் கொண்டே நிலப்படத்தில் குறித்துவிடலாம். இச்சொல்லுக்கு மேலும் ஒரு வரலாறு உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

இரு சட்டங்கள், இரு நகரவைகள்

1795இல் ஆங்கிலேயர் கொச்சிக் கோட்டையைக் கைக்கொண்டனர். 1814ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவ்வுரிமை உறுதிப்பட்டது. கோட்டைப் பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிட்டிசுக் கொச்சியாயிற்று. மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் ஆட்சியில் நின்றது.

சென்னை மாகாணத்தின் 1865ஆம் ஆண்டு 10ஆம் சட்டத்தின் கீழ், 1866இல், கோழிக்கோடு, தலைச்சேரி, கண்ணூர், பாலக்காடு ஆகியவற்றுடன் கோட்டைக் கொச்சியிலும் நகராட்சி அமைந்தது. வீடு, நிலங்கள் மீதான வரி, தொழில் வரி, வண்டி மற்றும் விலங்குகள் மீதான வரி, சாலைச் சுங்கம் ஆகியவற்றைத் தண்டவும், சாலை, வடிகால், விளக்கு முதலியவற்றைப் பேணவும் அச்சட்டம் வழிசெய்தது. நகரக் காவற் செலவின் சுமையும் முதலில் நகராட்சிமீதே ஏற்றப்பட்டது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுமையை நீக்கிப் பள்ளி, மருத்துவமனை, அம்மைகுத்தல், பிறப்பு இறப்புப் பதிவு என்பவற்றைச் சேர்த்தது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் விளைவாக 1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும், பின்னர் 1920ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன.

இச்சட்டங்களைத் தொடர்ந்து பயில்வோர் 'கமிஷனர்' என்னும் சொல்லின் பொருள் மாற்றத்தைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். 1865, 1871ஆம் ஆண்டுச் சட்டங்களில் இச்சொல் நகரவை உறுப்பினரைக் குறித்தது. ஊர்ப் பெரியோரும் வணிகரும் அப்பெயரால் நியமிக்கப்பட்டனர். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விடத்தைக் 'கவுன்சிலர்' என்னும் சொல் பெற்றது. 1930களில் சம்பளம் பெறும் நிருவாக அலுவலர் 'கமிஷனர்' ஆனார். தமிழில் இன்று 'ஆணையர்' என்பது இவ்வலுவலரையே. ஆகவே 1870ஆம் ஆண்டு ஆவணத்தில் வரும் கமிஷனரை 'ஆணையர்' எனப் பெயர்ப்பது பிழை, அவர் உறுப்பினரே. கேரளத்தில் இன்றைய நிலை மேலும் வேறுபட்டது. அங்கு 1994ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின்படி நிருவாகத் தலைமை அலுவலர் 'செக்ரட்டரி' எனப்படுவார். தமிழ்நாட்டு வழக்கில் செயலாளர் என்றதும் அரசுத் துறைச் செயலாளரோ கட்சிப் பொறுப்பாளரோதான் நினைவுக்கு வருவர்.

மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் நகரவைகள் 1896இல் தொடங்கப்பெற்றன. அப்போது கொச்சி அரசர் 1895 முதல் 1914 வரை ஆண்ட இராமவர்மர். 1896 முதல் 1901 வரை திவானாக விளங்கியவர் பி. இராசகோபாலாச்சாரி. பிற்காலத்தில், 1935 முதல் 1941 வரை, கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் திவானாக இருந்தார். தமிழிசை இயக்கத்தோடும் சிலப்பதிகார ஆய்வோடும் தமிழர் நினைவில் நிற்கும் அவர், கொச்சியில் துறைமுக வளர்ச்சி, நிருவாகச் சீர்திருத்தம் ஆகியவற்றுக்காகவே நினைக்கப்படுகின்றார். திவான்கள் தமிழராயிருந்தமையால் ஆட்சிமொழியில் தமிழ் இடம்பெற்றது எனக் கருதுதல் தவறு. மேல்மட்ட அலுவல் ஆங்கிலத்திலும், குடிகளோடு கொண்ட தொடர்பு மலையாளத்திலுமே நிகழ்ந்தன.

வரி, விளக்கு, கடத்து, தோடு

நகரவையின் அன்றாட அலுவல் எங்கும் ஒரே தன்மையது. வரித் தண்டல், பாக்கி, மேல்முறையீடு, தெருவிளக்குக் குத்தகை, சந்தை, இறைச்சிக்கூடம் ஆகியவற்றின் ஏலம், துறைக் குத்தகை, வடிகால் தூர்வாரல், கட்டட அனுமதி, தீங்கு பயக்கும் தொழில்களுக்கு உரிமம், பிறப்பு இறப்புப் பதிவு. மட்டாஞ்சேரியில் இவற்றுக்கெல்லாம் நீர்ப்பரப்பு தனித்தன்மை அளித்தது. மூன்று பக்கம் நீர் சூழ்ந்தும் குடிப்பதற்கு நல்ல நீர் கிடைத்ததில்லை. ஆலுவாய்ப் பகுதியிலிருந்து பெரியாற்று நீர் படகுகளில் கொண்டுவரப்பட்டது. 1914இல் சொவ்வரையிலிருந்து குழாய்வழி நீர் வழங்கும் திட்டம் எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் அமைந்தது.

அந்நீருக்குச் செலுத்தும் கட்டணத்தின் மலையாளப் பெயர் 'வெள்ளக்கரம்'. மலையாளத்தில் வெள்ளம் என்பது நீர். கரம் என்பது வரி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இச்சொல்லை எழுத்துக்கு எழுத்தாகப் படிப்பின் வெள்ளச் சேதத்துக்கு விதித்த வரி எனக் கொள்ள இடமுண்டு. கரம் என்னும் சொல் தமிழ் இலக்கியத்தில் வரி என்னும் பொருளில் உள்ளதாயினும், பேச்சில் அது கையை மட்டுமே குறிக்கின்றது. வரிச்சீட்டில் காணும் 'அவதி' என்பதும் இத்தகையது. மலையாளத்தில் அது தவணைக் கெடு, விடுமுறை என்னும் பொருள்களைத் தரும். எல்லை என்னும் வடமொழிப் பொருளோடு ஒட்டிய வழக்கு அது. தமிழில் அவதி துன்பமாகிவிட்டது. 'அவதி முடிந்தது' என்ற தொடரை மலையாளி கவலையோடும் தமிழர் நிம்மதியோடும் படிப்பர்.

துறைக் குத்தகை தொடர்பான சொற்களில் இடர் மிகுதி. மக்களைப் படகில் அக்கரை சேர்ப்பது மலையாளத்தில் 'கடத்து', படகோட்டி 'கடத்துகாரன்'. மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே போக்குவரவு நெடுங்காலம் படகையே நம்பியிருந்தது. கடத்துகாரன் என்பதைத் தமிழில் கேட்போர் சுங்கத்தை ஏய்த்துச் சரக்குக் கொண்டுபோகும் ஒருவனையே எண்ணுவர். மலையாளம் அதற்குக் 'கள்ளக்கடத்து' என அடை கொடுத்துப் பிரித்துள்ளது. தமிழ் அடையின்றியே 'கடத்தல்' என்னும் சொல்லைக் குற்றத்துக்குக் கொடுத்துவிட்டது. நேர்மையான ஓடக்காரனுக்குத் தமிழில் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே ஓடுவது கல்வத்தித் தோடு. இராமேசுவரம்–கல்வத்தித் தோட்டின் அடைப்பும் கொசுப் பெருக்கமும் மேற்குக் கொச்சியின் நீங்காத சிக்கல்கள். யானைக்கால் நோய்க்குக் கொச்சிக்கால் என்னும் பெயரே ஐரோப்பியரிடையே வழங்கியதை நோக்க, இந்நகரில் வடிகால் தூர்வாரல் எத்துணை இன்றியமையாத பணி என்பது புலனாகும். தோடு மலையாளத்தில் கால்வாய், தமிழில் காதணி. தமிழில் இதற்கு நேர் 'ஓடை' அல்லது 'கால்வாய்' எனக் கொள்ளலாம். ஆயினும் இடப்பெயராக வருமிடத்துப் பெயர்க்காமல் விடுவதே முறை.

பொது வேலைகளைக் குறிக்கும் 'மராமத்து' என்னும் அரபுச் சொல் இரு மொழிகளிலும் ஒருகாலத்தில் ஒன்றுபோல் வழங்கியது. தமிழ்நாட்டில் அது 'பொதுப்பணித்துறை' என மாறியது. ஏரி, கால்வாய் ஆகியவற்றை ஊரார் கூடிச் செப்பனிடுதலைக் குறிக்கும் 'குடிமராமத்து' மட்டும் எஞ்சியது. கேரளத்திலோ அரசுத் துறையின் பெயரே இன்றும் 'பொதுமராமத்து வகுப்பு' என்பதுதான். இங்கு 'வகுப்பு' துறையைக் குறிக்கும். சட்டத்தின் பிரிவையும் குறிக்கும். தமிழில் அது பள்ளிக்கூடத்தோடும் சாதிக் கணக்கோடும் நின்றுவிட்டது. மறுதலையாகத் தமிழ் மீட்டெடுத்த சொல் 'வாரியம்'. உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனக் காணும் இச்சொல் இன்று தமிழ்நாட்டில் அரசு சார்ந்த குழுக்களுக்கு வழங்குகின்றது. மலையாளத்தில் வாரியம் என்பது கோயிற்பணி புரியும் வாரியர் குடியின் மனை.

தமிழ்நாட்டில் இச்சொல்லாக்கம் தானே நிகழ்ந்ததன்று. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தை அடுத்து ஆட்சிச்சொல் அகராதிப் பணி தொடங்கியது. அதில் பங்காற்றிய கீ. இராமலிங்கனார் நகராட்சி ஆணையராகப் பணிபுரிந்தவர். அவருடைய ஆட்சித் தமிழ் நூல்களில் அலுவலகக் கோப்பின் மணம் வீசுவது அதனாலேயே. புலவர் ஒருவர் இருந்து ஆக்கும் சொல்லுக்கும், வரிப்பாக்கிக் கடிதத்துக்குக் கையெழுத்திடும் ஒருவர் ஆக்கும் சொல்லுக்கும் வேறுபாடு உண்டு.

பெயரற்ற பணியாளர்

நகரவைச் செலவுக் கணக்கில் துப்புரவு தவறாமல் இடம்பெறும் ஒரு பத்தி. அப்பத்தியில் தொகை இருக்கும், ஆள் இருப்பதில்லை. உலர்கழிப்பிடங்கள் நிலவிய காலத்தில் கேரள நகரங்களின் மலத்தை அள்ளிச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கேரள நகராட்சிகள் 'தோட்டி' என்று எழுதியது இவர்களையே.

தோட்டி என்னும் சொல் தமிழ்ச் சிற்றூர்களில் ஊர்ப் பணியாளர் ஒருவரின் பதவிப் பெயராகவும் வழங்கியது. ஓலை கொண்டுபோதல், பறையறைந்து அறிவித்தல், வருவாய் அலுவலருக்கு உதவுதல் முதலியன அவர் கடமைகள். ஊர்க் கணக்கர், தலையாரி ஆகியோருடன் வைத்து எண்ணப்பட்ட அச்சொல் நகராட்சியின் கைக்கு வந்ததும் மலவாளியோடு மட்டும் பிணைக்கப்பட்டது. மலையாளத்தில் இக்குறுகிய பொருளே நிலைத்தது. கழிப்பிடத்தின் பெயர் டச்சு. அதைத் துப்புரவு செய்தவரின் பெயர் தமிழ். அவரை ஏவிய சட்டம் ஆங்கிலம்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியுடைய மகன்' 1947இல் வெளிவந்தது. அது ஆலப்புழை நகரைக் களமாகக் கொண்டது, கொச்சியைப் பற்றியதன்று. எனினும் கேரள நகராட்சி ஒன்றன் துப்புரவுப் பிரிவை உள்ளிருந்து காட்டும் முதன்மை இலக்கிய ஆவணம் அதுவே. அதன் மாந்தர் பெயர்களான இசக்கிமுத்து, சுடலைமுத்து என்பன தென்தமிழ் மாவட்டங்களின் நாட்டார் தெய்வப் பெயர்களைத் தாங்கியவை. மலையாளம் படிப்போர்க்கு இப்பெயர்கள் அயன்மையை உணர்த்தின. சுந்தர ராமசாமி இதனைத் தமிழாக்கி 1950களில் 'சரஸ்வதி' இதழில் வெளியிட்டார். 'தோட்டியின் மகன்' என்னும் அம்மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டு நூலாயிற்று. மொழிபெயர்ப்பில் நிகழ்ந்தது வழக்கத்துக்கு மாறானதொன்று. அயலாராக நின்ற மாந்தர் மொழிபெயர்ப்பில் தம் மொழிக்கே திரும்பினர். மூலத்தில் இருந்த அயன்மை மறைந்தது. அவர்களை ஏவும் ஓவர்சியரும் சேர்மனும் அயலாராயினர். தலைப்பில் 'துப்புரவாளர்' போன்ற மென்சொல்லைப் பெய்யாமல் தோட்டி என்றே விட்டது சரியான முடிவு. ஆவணம் இழிவுபடுத்திய இடத்தில் மொழிபெயர்ப்பு நாகரிகம் காட்டுமாயின் இழிவின் வரலாறே அழிந்துவிடும்.

இன்றைய ஆட்சிச்சொல் வேறு கடப்பாடு உடையது. 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலம் அள்ளும் பணியில் மனிதரை ஈடுபடுத்தலைத் தடைசெய்தன. தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்பது 2020இல் 'தூய்மைப் பணியாளர்' எனப்பட்டது. மலையாளத்தில் 'சுசீகரணத் தொழிலாளி' என்பர். பழைய ஆவணத்தைப் பெயர்ப்போர் இப்புதுச் சொற்களை முன்தேதியிட்டு வழங்கலாகாது. இன்றைய ஆவணத்தில் பழஞ்சொல்லை வழங்குவதும் அவ்வாறே ஒவ்வாதது.

கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் வாழும் தமிழ் வண்ணார் சமூகத்தாரின் நிலை சற்று வேறு. டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. குளங்களில் வெளுத்துவந்த அவர்களுக்கு 1970களில் கொச்சிப் பெருநகர வளர்ச்சி ஆணையம் துறைகள் பிரித்த சலவைக்கூடம் ஒன்றைக் கட்டித் தந்தது. 'டோபி கானா' என்னும் அதன் பெயரில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. அவர்கள் கையாளும் 'இஸ்திரி' போர்ச்சுக்கீசிய வழிவந்தது என்பர். அவர்களுக்கெனச் சங்கம் ஒன்று இருந்தமையால் ஆவணத்தில் அவர்கள் கூட்டாகப் பெயர் பெற்றனர். துப்புரவுப் பணியாளர்க்கு அவ்வாய்ப்பு வெகுகாலம் வாய்க்கவில்லை.

இணைப்பும் பின்னும்

1949 சூலை 1 அன்று கொச்சி, திருவிதாங்கூருடன் இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானது. கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளும், வெல்லிங்டன் தீவும், பள்ளுருத்தி, வெண்ணல, வைற்றில, இடப்பள்ளி ஆகிய ஊராட்சிப் பகுதிகளும் சேர்ந்து 1967 நவம்பர் 1 முதல் கொச்சி மாநகராட்சியாயின. அதன் தொகுதிகளுக்கு 'டிவிஷன்' என்றே பெயர். தமிழ்நாட்டில் இவை 'வார்டு' அல்லது 'வட்டம்'. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள இடமளிக்கின்றது. நடைமுறையில் இடுக்கி, பாலக்காடு மாவட்ட எல்லைப் பகுதிகளில் இதன் பயன் உணரப்படும் அளவுக்கு மட்டாஞ்சேரி போன்ற துறைமுக நகரில் உணரப்படுவதில்லை. சிதறி வாழும் சிறுபான்மையினர்க்குச் சட்டத்தின் கை எட்டுவது அரிது.

மொழிபெயர்ப்பாளர் இன்றும் இந்நகரின் பழம்பதிவுகளோடு நேரடியாக எதிர்ப்படுவது பிறப்புச் சான்று, உயில், வீட்டுரிமைப் பத்திரம் ஆகியவற்றின் வாயிலாகவே. இங்கு இடர் தருவது சொல்லன்று, தேதி. பிரிட்டிசுக் கொச்சியின் ஆவணங்கள் ஆங்கில ஆண்டையும், கொச்சி அரசின் ஆவணங்கள் கொல்லம் ஆண்டையும் பின்பற்றின. கொல்லம் ஆண்டு சிங்ங மாதத்தில், அதாவது ஆகஸ்டு நடுவில், பிறப்பது. எனவே ஆகஸ்டு முதல் திசம்பர் வரையிலான நாள்களுக்கு 824ஐயும், சனவரிக்குப் பின்னர் வருவனவற்றுக்கு 825ஐயும் கூட்டல் வேண்டும். கொல்லம் 1100ஆம் ஆண்டுச் சிங்ங மாதம் 1924ஆம் ஆண்டினது. அதே 1100இன் மீன மாதமோ 1925ஆம் ஆண்டினது. மாதத்தை நோக்காமல் ஒரே எண்ணைக் கூட்டிப் பெயர்த்த சான்றுகளில் ஓராண்டு பிழைபடும். கல்வத்தித் தோட்டின் இரு கரைகளிலும் ஒரே நாளில் பிறந்த இருவரின் பதிவுகளைத் தமிழில் பெயர்த்து அருகருகே வைத்தால், ஒருவர் மற்றவரினும் ஓராண்டு மூத்தவராகத் தோன்றுவது இதனாலேயே.